ஆடியில் கடல் பார்க்கக் கிளம்புவோருக்கு

ஆடி பிறந்தால் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். மண்டிகளில் மாங்காய் வரத்து ஓய்ந்து, கூழ் ஆலைகளில் இரவு வேலை நின்று, மூன்று மாதமாகத் தூக்கம் மறந்து உழைத்தவர்களின் கையில் கொஞ்சம் பணமும் கொஞ்சம் ஓய்வும் சேரும். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கல்யாணத்துக்கு ஓடிக்கொண்டிருந்த வேன்கள் சும்மா நிற்கும். பேசினால் வாடகையும் இறங்கும். கோவா, கோகர்ணா, கண்ணூர், வர்க்கலா என்று மேற்குக் கடற்கரை ஊர்களின் விடுதிகள் அறை வாடகையைக் குறைத்து, சில இடங்களில் பாதியாகவே குறைத்து, விளம்பரம் செய்வதும் இதே நாட்களில்தான். கடலே இல்லாத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்குக் கடற்கரையில் நான்கு நாள் தங்குவது எப்போதும் ஓர் ஆசை. அது இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது கிளம்பத்தான் தோன்றும். கிளம்புவதில் தவறில்லை. அந்தத் தள்ளுபடி எதற்காகத் தரப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

அந்த மாதங்களில் கடலில் இறங்க முடியாது என்பதே அதற்குக் காரணம். அறை இருக்கும், மழை இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கக் கடலும் இருக்கும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற கடல் மட்டும் இருக்காது. இதை விடுதிக்காரர்கள் மறைப்பதில்லை, கேட்டால் சொல்வார்கள். நம்மில் பலர் கேட்பதில்லை. ஒகேனக்கல்லில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி, அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை என்ற செய்தியைக் காலையில் படித்துவிட்டு, 'இன்று போனால் பார்க்கத்தான் முடியும்' என்று சரியாகக் கணக்கிடுகிறவர்கள், கடலைப் பற்றி மட்டும் அப்படிக் கணக்கிடுவதில்லை. இத்தனைக்கும் இரண்டுக்கும் மூலம் ஒரே மழை. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் குடகு மலையிலும், கபினியின் நீர்ப்பிடிப்பான வயநாட்டிலும் பெய்தது. அங்கே மழையைக் கொட்டிய மேகம், அதற்குச் சற்று முன்னால் கண்ணூர், கோழிக்கோடு கடற்கரையைத் தாண்டித்தான் மலை ஏறியிருக்கும். அணைகள் நிரம்பித் தண்ணீர் திறக்கப்படும் வரை சில நாள் முன்பின் ஆகலாம் என்றாலும், ஒகேனக்கல்லில் பரிசல் கரையேறி நிற்கும் நாட்களில் மேற்குக் கடலிலும் குளியல் இல்லை என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று நாம் சொல்லும் காற்றும் அந்தக் கடலிலிருந்து வருவதுதான். தென்மேற்குப் பருவக்காற்று வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடுகிறது. அரபிக்கடலின் மேல் பல நூறு கல் தூரம் ஓயாமல் வீசி, ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அதை இறக்கிவிட்டு, மலையின் இந்தப் பக்கம் வறண்ட காற்றாக நம் காடுகழனிகளின் மேல் இரைந்துகொண்டு போகிறது. கோவாவில் ஆண்டுக்குச் சுமார் 300 செ.மீ. மழை பெய்கிறது, அதில் பெரும் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டிவிடும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 85 செ.மீ.தான். நம் வீட்டுக் கொடியில் அரை மணியில் துணியை உலர்த்திவிடும் அதே காற்று, அங்கே கடலைக் கரைமேல் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

இப்படி மாதக்கணக்கில் வீசும் காற்று கடலைச் செய்வது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் உயிர்ச்சேதம் எல்லாம் இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

முதலில் மணல் போய்விடுகிறது. பருவமழைக் காலத்தில் நெருக்கமாகவும் வேகமாகவும் வந்து அறையும் அலைகள் கரையிலுள்ள மணலை அரித்து இழுத்துச் சென்று, கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் திட்டுத் திட்டாகக் குவித்துவிடுகின்றன. மழை ஓய்ந்து அலை தணிந்த பிறகு, அதே மணலை நீளமான மெல்லிய அலைகள் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன. ஆண்டுதோறும் நடக்கும் போக்குவரத்து இது. டிசம்பரில் எடுத்த படத்தில் பந்து விளையாடும் அளவுக்கு அகலமாகத் தெரியும் கடற்கரை, ஜூலையில் போய் நின்றால் பாறைக்கும் அலைக்கும் நடுவே ஒரு பட்டையாகச் சுருங்கியிருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. கோவாவில் மணல்மேல் போடப்படும் தற்காலிக உணவுக் குடில்கள் ஜூன் தொடக்கத்துக்குள் பிரிக்கப்பட்டு, மழைக்குப் பிறகுதான் மறுபடி எழுகின்றன. அவற்றில் வேலை செய்தவர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பியிருப்பார்கள்.

அடுத்து, அந்த மணல்திட்டுகளே ஆபத்தை உண்டாக்குகின்றன. அலை மேல் அலையாக வந்து கரையில் குவியும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். திட்டுக்கும் திட்டுக்கும் இடையில் ஆழமான வாய்க்கால் போன்ற வழி எங்கே கிடைக்கிறதோ, அங்கே எல்லாத் தண்ணீரும் சேர்ந்து கடலை நோக்கி வேகமாக ஓடுகிறது. அந்த ஓட்டம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைக்கூட எட்டும். தேர்ந்த நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்தித் தாக்குப்பிடிக்க முடியாத வேகம் அது. கொடுமை என்னவென்றால், ஆழமாக இருப்பதால் அந்த வாய்க்காலின் மேல் அலை உடைவதில்லை. இரு பக்கமும் வெள்ளை நுரை சீறிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் சற்றே பழுப்பாக, அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாத கண்ணுக்கு இறங்க ஏற்ற இடம் என்று அதுதான் தோன்றும்.

இதை நான் வர்க்கலாவில் கண்ணால் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம், குடும்பத்தோடு பாபநாசம் கடற்கரைக்குப் போயிருந்தோம். கூட வந்த என் மச்சான் பர்கூர்ப் பக்கத்து ஆள். ஐந்தாறு ஆள் ஆழக் கிணற்றில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்துப் பழகியவர். சிவப்புக் கொடி நட்டிருந்ததைப் பார்த்தார். ஆனாலும் அந்த அமைதியான துண்டைக் காட்டி, 'அங்க அலையே இல்ல மாமா, ஓரமா நின்னு குளிச்சிட்டு வந்துடறேன்' என்று லுங்கியை மடித்துக் கட்டினார். நான்கு அடி வைத்திருக்க மாட்டார், விசில் சத்தம் காதைத் துளைத்தது. ஓடிவந்த உயிர்காப்பாளர் கோபப்படவில்லை. மணலில் கிடந்த ஒரு காய்ந்த தென்னை மட்டையை எடுத்து அந்த இடத்துக்கு நேராக வீசினார். பத்து எண்ணுவதற்குள் மட்டை நுரைக்கு அப்பால் போய்விட்டது. 'அது அமைதி இல்ல அண்ணா, கடல் திரும்பிப் போற வழி' என்றார், மலையாளம் கலந்த தமிழில். மச்சான் அதற்குப் பிறகு நான்கு நாளும் செருப்பைக்கூட நனைக்கவில்லை.

கிணற்றிலும் ஏரியிலும் நீச்சல் கற்றவர்களுக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி என்று அன்று எனக்குப் பட்டது. கிணற்றுத் தண்ணீர் ஓடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு கை வீசினால் சுவர் கிடைக்கும். கிருஷ்ணகிரி அணைக்கரையில் அமைதியாக இருக்கும் ஓரம்தான் ஆழம் குறைந்த ஓரம். இந்த இரண்டு அனுபவங்களும் கடலில் நம்மைத் தவறான இடத்துக்கே அழைத்துச் செல்லும். கைகால் பலம் இருக்கிறது என்ற தைரியம் அதைவிட மோசம், ஏனென்றால் இழுப்பில் சிக்கியவர்கள் பெரும்பாலும் கரையை நோக்கி நேராக நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். சிக்கிக்கொண்டால் எதிர்க்காமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். அந்த ஓட்டம் அகலம் குறைந்தது, சற்று விலகினாலே விட்டுவிடும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது.

இந்தக் கவனம் மழைக்காலத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் எழும் புயல்களால் உண்டாகும் நெடிய அலைகள், இங்கே காற்றோ மேகமோ எந்த அறிகுறியும் இல்லாத நாளில் கரையேறிவிடுவது உண்டு. கேரள மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் பள்ளி விடுமுறையில், அது அதிகம். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படியோர் எச்சரிக்கை நடப்பிலிருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளை முன்கூட்டியே அறிவிக்கிறது; கடற்கரைக்குப் போகிறவர்கள் மழை எச்சரிக்கையோடு அந்த அறிவிப்பையும் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஆடியில் கடல் பக்கமே போகக் கூடாதோ என்று எண்ண வேண்டியதில்லை. நம் இரு மாவட்டங்களுக்கும் ஒரு வசதி உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி 200 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல்; பாதி நாளில் போய்விடலாம். மேற்குக் கடல் கொந்தளிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கிழக்குக் கடற்கரை பெரும்பாலும் வெயிலோடு இருக்கும். மாலையில் எப்போதாவது இடிமழை வந்து போகும். காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால் அலையும் மேற்கைப் போல் ஏறாது. அங்கும் நீரிழுப்பு உண்டு, அங்கும் கொடியைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஆனால் பருவம் நமக்கு எதிராக நிற்பதில்லை. ஐப்பசி பிறந்தால் இது அப்படியே தலைகீழாகிவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி, தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை டிசம்பருக்குள் கொடுத்துவிடுகிறது. அப்போது கோவாவிலும் வட கேரளத்திலும் வானம் தெளிந்து, கடல் அடங்கி, வாடகை ஏறத் தொடங்கியிருக்கும். எந்த மாதத்திலும் இரண்டு கடல்களில் ஒன்று நமக்குத் திறந்திருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம், இரண்டு பருவங்களுக்கும் நடுவில் குடியிருப்பதன் பயன் அது. 'சீசன்' என்று ஒரே ஒரு காலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுகிறவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டுக் கடற்கரைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு விமான நிலையம் கைக்கெட்டும் தூரம் என்பதால் தாய்லாந்துச் சலுகைகள் இப்போது இங்கும் பேச்சாகியிருக்கின்றன. அங்கே புக்கெட் இருக்கும் மேற்குப் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழையில் நனைகிறது. சிமிலன் தீவுகளை அந்த மாதங்களில் மூடியே வைக்கிறார்கள். கிழக்குப் பக்கத்துச் சமுய் தீவில் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். இலங்கையிலும் நம் ஆடியில் மேற்கும் தெற்கும் கொந்தளிக்க, திருகோணமலைப் பக்கம் அமைதியாக இருக்கும். பாலிக்கு மழைக்காலம் டிசம்பரை ஒட்டித்தான். ஜூலையில் அங்கே வெயில்.

கிழக்குக் கரையின் மழைக்காலம் வேறு மாதிரியானது. மேற்கில் மழை நாள்தோறும் வரும், ஆகவே எதிர்பார்த்துத் திட்டமிடலாம்; கிழக்கில் பத்து நாள் வெயிலடித்துவிட்டுப் பதினோராம் நாள் புயலாக வரும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது, சரியாக அரையாண்டு விடுமுறையில், புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு அறைகள் பதிவாகியிருந்த நேரத்தில். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, கடற்கரை விடுதியை விட்டு ஊருக்குத் திரும்பினால் பிழைத்தோம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் கரையேறிய புயல் மெல்ல நகர்ந்து உள்ளே வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. நம் ஓர் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளத்தில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. புதுச்சேரிக்கு நாம் போகும் வழி அதே ஊத்தங்கரை வழிதான். கார்த்திகையில் கிழக்கே போகிறவர்கள் கடற்கரை நிலவரத்தோடு திரும்பும் சாலையின் நிலவரத்தையும் பார்க்க வேண்டும் என்பதை அந்த மழை நமக்குக் காட்டிவிட்டுப் போனது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால், முன்பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

மேற்கே போகும் சாலை இதைவிடக் கவனம் கேட்கிறது. பெங்களூரு, சக்லேஷ்பூர் வழியாக மங்களூரு போனால் ஷிராடி மலைப்பாதையில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து அது அடைபடுவது வழக்கமாகிவிட்டது. கோகர்ணாவைத் தாண்டி மேலும் வடக்கே போனால் அங்கோலா அருகே ஷிரூர் வருகிறது. 2024 ஜூலை 16-ஆம் தேதி அங்கே மலை சரிந்தபோது, தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருந்த தேநீர்க் கடையும், அங்கு நின்றிருந்த லாரிகளும் மண்ணோடு சேர்ந்து கங்காவளி ஆற்றுக்குள் போயின. வீட்டுக்கு ஒருவர் லாரியிலோ வேனிலோ பிழைக்கும் ஊர்கள் நம்முடையவை. அந்தச் செய்தியை நாம் சும்மா படித்துவிட்டுப் போகவில்லை. அதே மாதம் 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் புதையுண்டன. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் மேற்கே போகத்தான் வேண்டும் என்றால் என் யோசனை பாலக்காட்டு வழி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கி.மீ.க்குக் குறையாத அகலத்தில் மலை விட்டுக்கொடுத்திருக்கும் கணவாய் அது. கொண்டை ஊசி வளைவு எதுவும் ஏறி இறங்காமல் கேரளத்துக்குள் போய்விடலாம். பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி, சேலம் வழியாக எர்ணாகுளம் போகும் இன்டர்சிட்டி ரயிலும் அந்த வழியில்தான் போகிறது. வேனைவிட ரயிலில் போவதே மழைக்காலத்துக்கு ஏற்றது என்று நான் சொல்வேன். கொங்கண் ரயில் தடத்தில் மழைக்கென்று தனி அட்டவணை போட்டு வேகத்தைக் குறைத்தே ஓட்டுவார்கள் என்பதால், கோவா போகிறவர்கள் நேரத்தைச் சற்றுத் தாராளமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

சரி, குளிக்க முடியாத கடற்கரையில் நான்கு நாள் என்ன செய்வது? எனக்கு அந்த நான்கு நாளும் போதவில்லை. கூரைக்கடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தூரத்தில் கடலின் மேல் மழை ஒரு திரையாக இறங்கி, நடந்து நடந்து கரைக்கு வந்து, முற்றத்து ஓட்டின் மேல் ஓசையோடு விழுவதை, மழைக்காக வானத்தைப் பார்த்தே வாழ்ந்த மண்ணிலிருந்து போகிறவர்கள் ரசிப்பதுபோல் வேறு யாரும் ரசிக்க முடியாது. என் அம்மா அன்று, 'இதுல ஒரு நாள் மழை நம்ம ஏரிக்கு வந்தா போதுமே' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆலப்புழைக் கடற்கரையில் அம்பலப்புழை, புறக்காடு பக்கம் இந்த மாதங்களில் சில நேரம் சேற்றுப்படுகை உருவாகி, சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அந்த இடம் மட்டும் குளம்போல் அடங்கிக் கிடக்கும், சாகரை என்பார்கள். மீனவர்கள் வள்ளங்களை அங்கே இறக்கி அள்ளுவார்கள். நம் ஆடி அவர்களுக்குக் கர்க்கடக மாதம்; ஆயுர்வேதச் சிகிச்சைக்கு அதையே உகந்த காலமாகக் கருதுவதால், மூட்டுவலிக்காரப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு அது வீண் பயணம் ஆகாது. ஆடி அமாவாசையன்று பாபநாசம் கரையில் முன்னோருக்குப் பலி, அதாவது தர்ப்பணம், கொடுக்கக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், அதைக் கூட்டமில்லாத காலம் என்றே சொல்ல மாட்டீர்கள்.

மீன் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் பொதுவாக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள். அதனால் மீனே கிடைக்காது என்று நினைக்கிறார்கள். நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன; பருவக்காற்றால் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரில் மத்தியும் அயிலையும் பெருகும் காலம் அது. பெரிய மீன்களின் விலை ஏறியிருக்கும், சின்ன மீன் சுவையாக இருக்கும். கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாம் புதுச்சேரிக்குக் கூட்டமாகப் போவது அந்த மே மாதத்தில்தான். மீன் வரத்து குறைந்து, விலை உச்சத்தில் நிற்கும்போது போய்க் காசைக் கொட்டிவிட்டு வருகிறோம்.

அறை பதியும் முன் விடுதிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, சமையல்காரர் ஊரில் இருக்கிறாரா, சிவப்பு எச்சரிக்கை வந்து பயணம் நின்றால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் கேட்டு, கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். தேங்கிய நீரில் வெறுங்காலில் நடக்கக் கூடாது; எலிக்காய்ச்சல் அங்கே மழைக்கால நோய். துண்டு மட்டும் ஆளுக்கு மூன்றாவது எடுத்துச் செல்ல வேண்டும். முதல் நாள் நனைந்த துண்டு எங்களுக்கு நான்காம் நாளும் காயவில்லை. வீட்டுக்கு வந்து மாடிக் கொடியில் போட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் மொறமொறவென்று காய்ந்திருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில், எனக்குத் தெரிந்தவரை இரண்டு கடலும் ஒருசேர இடம் கொடுக்கும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவம் தளரத் தொடங்கி, வடகிழக்கு இன்னும் பிறக்காத மூன்று வாரம். மேற்கே மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும், குடில்களுக்கு மூங்கில் வந்து இறங்கும், வாடகை இன்னும் பழைய நிலையிலேயே இருக்கும். கிழக்கே புயல் பேச்சு ஆரம்பித்திருக்காது. பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு விடுமுறை விழுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். கொடி எந்த நிறத்தில் இருக்கிறது என்று அப்போதும் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.